துர்க்கா கோட்டே அம்மையார்

தாதாசாகேப் பால்கே என்பார் பம்பாய் நகரில் அரிச்சந்திரன் கதையைத் திரைப்படமாக எடுக்க முனைந்தார். 1913ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படமே இந்திய நாட்டின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று போற்றப்படுவது. மன்னன் வேடம் புனைய ஆள் கிடைத்தது. மைந்தன் வேடத்தைப் பால்கேயின் மகனே ஏற்றான். ஆனால் அரசியாக நடிக்க ஒரு பெண்ணும் முன்வந்திலள். தமிழர் சந்திரமதி என வழங்கும் அவ்வரசியை மராட்டியர் தாராமதி என்பர். பால்கே செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தார். நேரிற் சென்றும் பலரை வேண்டினார். சமூகம் ஒதுக்கிவைத்திருந்த பெண்டிரும் அத்தொழிலுக்கு இசைந்திலர். முடிவில், உணவுவிடுதி ஒன்றில் வேலை செய்துவந்த அண்ணா சாளுங்கே என்னும் இளைஞர் சேலை உடுத்துத் தாராமதியாகத் தோன்றினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் பால்கே இராமாயணக் கதையைப் படமாக்கியபோது, இராமனாகவும் சீதையாகவும் அவ்விளைஞர் ஒருவரே நடித்தார்!

பத்தொன்பது ஆண்டுகள் கடந்தன. 1932ஆம் ஆண்டில் அதே அரிச்சந்திரன் கதை மராத்தி மொழியின் முதற் பேசும்படமாக வெளிவந்தது. அதில் தாராமதியாக நடித்தவர் உயர்ந்த குடியிற் பிறந்தவர். ஆங்கிலக் கல்வி கற்றவர். இரு மைந்தர்க்குத் தாய். அவரே துர்க்கா கோட்டே அம்மையார்.

அக்காலத்தில் பெண்கள் நடிக்க அஞ்சியது ஏன் என்று இன்றைய மாணவர் வியக்கலாம். மராட்டியர் நாடகத்தை வெறுத்தவர் அல்லர். அதனை உயிரெனப் போற்றியவர். விஷ்ணுதாஸ் பாவே என்பவர் சாங்கிலி அரசரின் ஆதரவில் சீதையின் சுயம்வரத்தை 1843ஆம் ஆண்டில் அரங்கேற்றிய நாள்முதல் அவர்தம் நாடகக்கலை தழைத்தோங்கியது. இசையிற் சிறந்த நாடகங்களை விடியும்வரை கண்டு களித்தனர். ஆனால் அரங்கில் நின்ற பெண்களுட் பெரும்பாலோர் பெண் வேடம் பூண்ட ஆடவரே. பாலகந்தர்வர் என்னும் பெரும் நடிகர் மேடையில் உடுத்த சேலையையும் சூடிய மலரையும் பார்த்துப் பம்பாய்ச் செல்வக் குடும்பத்துப் பெண்கள் தம்மை அணிசெய்துகொண்டனர். ஆடவர் ஒருவர் பெண்ணாக நடிப்பதைக் கண்டு மகிழ்ந்த அதே மக்கள், பெண்ணொருத்தி பெண்ணாக நடிப்பதைப் பழித்தனர். ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழுக்களில் சில பெண்கள் நடித்துவந்தனர் என்பது உண்மை. ஆயினும் நற்குடும்பத்தார் அவர்களைத் தம் வாயிலுள் ஏற்றிலர். கலையைப் போற்றி, கலைஞரைத் தூற்றிய இம்முரண்பாடு மராட்டிய நாட்டுக்கு மட்டும் உரியதன்று.

துர்க்கா 1905ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாள் பம்பாயிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வீட்டா என்பது. தந்தையார் பாண்டுரங்க ஷாம்ராவ் லாட், தாயார் மஞ்சுளாபாய். கோவாவைத் தாயகமாகக் கொண்ட குடும்பம் அது. இல்லத்தில் கொங்கணி மொழி பேசினர். உற்றாரும் உறவினரும் கூடி வாழ்ந்த பெரிய கூட்டுக்குடும்பத்தில், எக்குறையும் இன்றிச் சிறுமி வளர்ந்தாள். பெண்களைப் பள்ளிக்கு அனுப்புவதே அரிதாக இருந்த அந்நாளில், கதீட்ரல் உயர்நிலைப் பள்ளியிலும் பின்னர்த் தூய சவேரியார் கல்லூரியிலும் பயிலும் பேறு அவருக்குக் கிட்டியது. கல்லூரியிற் பயின்றுகொண்டிருந்தபோதே திருமணம் நிகழ்ந்தது. கணவர் விசுவநாத கோட்டே காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். புகுந்த வீடும் செல்வச் செழிப்புடையது. பகுல், ஹரின் என்னும் இரு ஆண்மக்கள் பிறந்தனர்.

செல்வம் சகடக்கால்போல் உருளும் இயல்பினது. கோட்டே குடும்பத்தின் பொருள்வளம் சில ஆண்டுகளிலேயே குன்றிற்று. ஏவலரும் ஊர்தியும் சூழ வாழ்ந்தவர்கள் நாள்தோறும் ஆகும் செலவுக்கு வழிதேட வேண்டியவர் ஆயினர். துர்க்கா இளமையிலேயே கணவரையும் இழந்தார். இரு மக்களையும் வளர்த்து ஆளாக்கும் சுமை அவர் ஒருவர் தோளிலேயே விழுந்தது. பிறந்த வீட்டாரிடம் கையேந்தி வாழ அவர் மனம் ஒப்பவில்லை. பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் கற்பித்துச் சிறிது பொருள் ஈட்டினார். அது போதியதாக இல்லை. அந்நிலையிலேதான் 1931ஆம் ஆண்டில் ஒரு படத்தில் சிறு வேடம் ஏற்கும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது.

அப்படத்தின் பெயர் ஃபரேபி ஜால். ஊமைப்படக் காலம் முடிந்து பேசும்படக் காலம் தொடங்கிய சந்திப்பொழுது அது. திரைத்தொழிலைப் பற்றி ஏதும் அறியாத துர்க்கா, கதை யாது, பிற காட்சிகள் எத்தன்மையின என்று வினவாமலே தமக்குரிய சில காட்சிகளில் நடித்து, கூலி பெற்றுக்கொண்டு வீடு திரும்பினார். படம் வெளிவந்தபோதுதான் அது தரம் தாழ்ந்தது என்பது தெரியவந்தது. அதனினும் கொடியது ஒன்று நேர்ந்தது. படத்தாரின் விளம்பரங்கள் அவருடைய நடிப்பைக் கூறவில்லை. இன்னார் மகள், இன்னார் வீட்டு மருமகள் என்று குடிப்பெயரைக் கூறின. சிறிதே வந்துபோன ஒரு வேடத்தால் இரு குடும்பங்களின் பெயரும் தெருவில் பேசப்படும் பொருளாயிற்று. உறவினர் சினந்தனர், அறிந்தவர் முகம் திருப்பினர். பசிக்கு உணவு தராத சுற்றம் பழிக்கு மட்டும் விரைந்து வருவது உலகியல்பு போலும்!

அதே படத்தை வேறொருவரும் கண்டார். அவர் வி. சாந்தாராம். கோலாப்பூரில் 1929ஆம் ஆண்டில் நண்பர் சிலருடன் கூடிப் பிரபாத் திரைப்பட நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். ஊர் பழித்த படத்தில், ஊர் காணாத திறம் ஒன்று அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. நிமிர்ந்த நோக்கும் அரசியர்க்குரிய பெருமித நடையும் தெளிந்த சொல்லும் வாய்ந்த இப்பெண்மணியே தம் தாராமதி என்று அவர் துணிந்தார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பர். மீண்டும் ஒரு படம் பழிக்கு உள்ளாகுமாயின் துர்க்காவுக்கு மட்டும் அன்றி, வளரும் மக்களுக்கும் அது தீராத வடுவாகும். மறுத்துவிட்டால் வறுமை நீங்க வேறு வழியில்லை. எனினும் இம்முறை அவர் முன் நின்றது யாவரும் அறிந்த அறக்கதை. அழைத்தவரும் தொழிலில் நேர்மையுடையவர். துர்க்கா ஏற்றுக்கொண்டார், கோலாப்பூர் சென்றார்.

அயோத்தியேச்சா ராஜா என்பது அம்மராத்திப் படத்தின் பெயர். அயோத்தியின் அரசன் என்பது பொருள். அதனையே இந்தியிலும் உடன் எடுத்தனர். ஒரு காட்சியை மராத்தியில் நடித்து முடித்ததும், அதே உடையில், அதே இடத்தில் நின்று, இந்தியில் மீண்டும் நடிக்க வேண்டும். ஒரு மொழியில் சொல் தவறினால் காட்சியே பாழாகும். ஒலியைத் தனியே பதிந்து பின்னர் இணைக்கும் வசதி அன்று இல்லை. ஒலிவாங்கி எங்கே உள்ளதோ அதன் எல்லைக்குள் நின்று பேச வேண்டும். அதனை நோக்கிப் பேசுவதாகவும் தோன்றலாகாது. ஒருவர் பாட மற்றொருவர் வாயசைக்கும் பின்னணிப் பாட்டு முறையும் நம் நாட்டுப் படங்களில் 1935ஆம் ஆண்டில்தான் வந்தது. ஆதலால் நடிப்பவரே பாட வேண்டும். இசைக்கருவி வாசிப்போர் படப்பெட்டியின் பார்வைக்கு அப்பால் மறைந்திருந்து வாசிப்பர். மேடையிற் பழகிய பாடகருக்கே இது கடினம். துர்க்காவோ நாடகக் குழுவில் வளர்ந்தவர் அல்லர். அவருடன் அரிச்சந்திரனாக நடித்த கோவிந்தராவ் தேம்பே, அப்படத்தின் இசையை அமைத்தவரும் ஆவார். இசையுலகிற் பெயர் பெற்றவர். அத்தகையவருக்கு இணையாக நின்று, நடித்தும் பாடியும் தம் பங்கை நிறைவேற்றுதல் ஒரு தேர்வே ஆயிற்று.

அத்தேர்வில் அவர் வென்றார். முடியிழந்து, நாடிழந்து, காசி நகரில் விலைப்பொருளாய் நிற்கும் அரசியைத் திரையிற் கண்டோர் கண்ணீர் உகுத்தனர். செல்வ வீட்டிலிருந்து கூலிக்கு உழைக்க வந்த ஒரு தாய் அவ்வேடத்தை ஏற்றாள் என்பதை அறிந்தவர்க்கு அக்காட்சி இருமடங்கு பொருளுடையதாய் இருந்திருக்கும். முந்திய ஆண்டு தூற்றிய நாவே போற்றத் தொடங்கியது. கற்ற குடும்பத்துப் பெண்கள் திரையில் நடிப்பது இழிவு என்னும் எண்ணம் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆயினும் அடைத்த கதவு சிறிது திறந்தது. அதன் வழியே பின்னர்ப் பலர் வந்தனர்.

அதே ஆண்டில் வெளிவந்த மாயா மச்சிந்திரா என்னும் படத்தில் அவர் பெண்ணரசு நாட்டின் தலைவியாக நடித்தார். அரியணையருகே உயிருள்ள சிறுத்தை ஒன்று சங்கிலியிற் கட்டுண்டு கிடக்க, அதனைச் சிறிதும் அஞ்சாது அவர் வீற்றிருந்த தோற்றம் அந்நாளில் பெரிதும் பேசப்பட்டது.

பின்னர் அவர் கல்கத்தா சென்றார். தேவகி போசு இயக்கிய ராஜராணி மீரா 1933ஆம் ஆண்டிலும், சீதா 1934ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. சீதா வெனிசு நகரத் திரைப்பட விழாவில் காட்டப்பெற்றது. உலக விழா ஒன்றிற்குச் சென்ற முதல் இந்தியப் பேசும்படம் என்னும் பெருமையும் அதனைச் சார்ந்தது. இராமனாக நடித்தவர் பிருதிவிராஜ் கபூர். முன்னர் ஓர் ஆடவர் இராமனும் சீதையுமாக நடிக்க நேர்ந்த நாட்டிலே, பதினேழு ஆண்டுகளுக்குள் இம்மாற்றம் நிகழ்ந்தது.

மீண்டும் பிரபாத் நிறுவனத்தார் 1936ஆம் ஆண்டில் எடுத்த அமர் ஜோதி என்னும் படம் தனித்துக் கூறத்தக்கது. தான் ஈன்ற மகனைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமை தனக்கு மறுக்கப்பட்டதனால், சட்டத்தையும் அரசையும் பகைத்துக் கடற்கொள்ளைத் தலைவியாக மாறும் சௌதாமினி என்பவளின் கதை அது. பழைய புராணத் தலைவியர் துன்பத்தைப் பொறுத்தனர், சௌதாமினி பொறுக்கவில்லை. தாராமதியின் பொறுமையைக் காட்டிய முகத்தில் இப்போது சினம் கொழுந்துவிட்டது. இருவேறு இயல்பும் ஒரே நடிகையிடம் அமைந்திருந்தன என்பதை மக்கள் உணர்ந்தனர்.

அக்காலத்து நடிகர் ஒரு நிறுவனத்தில் மாதச் சம்பளம் பெற்று, அந்நிறுவனம் இட்ட வேடத்தையே ஏற்று வாழ்ந்தனர். வேறிடம் சென்று நடிக்க அவர்களுக்கு உரிமை இல்லை. துர்க்கா இக்கட்டினை ஏற்காது, தாம் விரும்பிய படத்தில் விரும்பிய உடன்படிக்கையுடன் நடிக்கும் வழக்கத்தை மேற்கொண்டார். அவ்வாறு தனித்து நின்றவருள் அவர் முன்னோடி. பிறர் நிழலில் வாழாமையே அவர்தம் இயல்பு. 1937ஆம் ஆண்டில் சாத்தி என்னும் படத்தைத் தாமே தயாரிக்கவும் துணிந்தார். பெண்ணொருவர் முதலீடும் கணக்கும் ஆட்களும் கலந்த அத்துறையில் இறங்குவது அந்நாளில் புதுமை.

நாற்பதுகளில் அவர் நடித்த படங்கள் பல. பாயாச்சி தாசி என்னும் மராத்திப் படமும் அதன் இந்தி வடிவமான சரணோங்கீ தாசியும் 1941ஆம் ஆண்டில் வந்தன. அடுத்த ஆண்டில் பரத் மிலாப் வெளிவந்தது. சீதையாக நடித்துப் புகழ்பெற்றவர் இதில் கைகேயியாகத் தோன்றினார். வங்கத் திரைப்பட இதழாளர் சங்கம் சரணோங்கீ தாசிக்கும் பரத் மிலாப்புக்கும் அவரைச் சிறந்த நடிகையாகத் தேர்ந்து பாராட்டியது. நல்லவளாக நடித்துப் பெற்ற பெயரைக் காத்துக்கொள்ளவே பலர் விரும்புவர். கைகேயி வேடத்தை விரும்பி ஏற்பதற்குத் தன் கலையில் உறுதியான நம்பிக்கை வேண்டும்.

இதற்கிடையே மராத்தி நாடகமேடை நலிந்துவிட்டது. பேசும்படம் வந்ததும் மக்கள் அதன்பாற் சென்றனர். புகழ்பெற்ற நாடகக் குழுக்கள் கடன்பட்டுக் கலைந்தன. அரங்குகள் படக்கொட்டகைகளாக மாறின. மேடையை வீழ்த்திய பேசும்படத்தின் முதல் அரசி எவரோ, அவரே மேடையைத் தூக்கி நிறுத்த வந்தார் என்பது வியப்புக்குரியது. பம்பாய் மராத்தி இலக்கியச் சங்கம் நாடகக்கலையை மீண்டும் வளர்க்க முயன்றபோது துர்க்கா அதனோடு இணைந்து உழைத்தார். மக்கள் நாடகச் சங்கம் என வழங்கிய இயக்கத்திலும் அவருக்குத் தொடர்பு இருந்தது. படத்தில் ஒருநாள் நடித்தால் கிடைக்கும் பொருள் மேடையிற் பலநாள் நடித்தாலும் கிடைக்காது. எனினும் அவர் வந்தார்.

அவர் மேடையில் ஏற்ற வேடங்களுள் இரண்டு பெரிதும் புகழப்பட்டன. ஒன்று, காடில்கர் எழுதிய பாவுபந்தகி என்னும் நாடகத்தில் ஆனந்திபாய். 1773ஆம் ஆண்டில் பூனாவில் இளைஞரான பேசுவா நாராயணராவ் அரண்மனையிலேயே கொலையுண்டார். அவரைச் சிறைப்பிடிக்குமாறு சிற்றப்பனார் இரகுநாதராவ் எழுதிய ஓலையில், சிற்றன்னையாகிய ஆனந்திபாய் ஓர் எழுத்தை மாற்றிக் கொல்லுமாறு ஆக்கினாள் என்பது மராட்டியரிடையே வழங்கும் செவிவழிச் செய்தி. மராத்தியில் பிடித்தலுக்கும் கொல்லுதலுக்கும் உரிய சொற்களிடையே உள்ள வேறுபாடு அவ்வளவு சிறிது! மற்றொன்று, சேக்சுபியரின் மாக்பெத்து நாடகத்தைத் தழுவி வி. வா. சிர்வாட்கர் இயற்றிய ராஜமுகுட். 1954ஆம் ஆண்டில் அரங்கேறிய அதில், கணவனைக் கொலைக்குத் தூண்டிப் பின் உறக்கம் இழந்து வாடும் தலைவியாகத் துர்க்கா நடித்தார். திரையில் முகத்தை அருகிலிருந்து காட்டப் படப்பெட்டி உண்டு. மேடையில் கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் உள்ளத்தின் நடுக்கம் குரலாலும் நடையாலுமே புலப்பட வேண்டும். திரையிற் கற்றதை மறவாமலும், அதனையே மேடையிற் செய்யாமலும் இருக்கும் நுட்பம் அவருக்குக் கைவந்தது. சங்கீத நாடக அக்காதெமி 1958ஆம் ஆண்டில் அவருக்கு விருது வழங்கியது.

ஆண்டு முதிர முதிர அவருக்குத் தாய் வேடங்கள் வந்தன. 1960ஆம் ஆண்டில் வெளிவந்த மொகலே ஆசம் என்னும் பெரும்படத்தில், அக்பர் பேரரசரின் தேவி ஜோதாபாயாக அவர் நடித்தார். நாட்டை ஆளும் கணவனுக்கும், காதலுக்காக அவனை எதிர்க்கும் மகனுக்கும் இடையே நின்று கலங்கும் தாயின் வேடம் அது. அக்பராகத் தோன்றியவர் பிருதிவிராஜ் கபூர். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் இராமனும் சீதையுமாக நின்ற இருவர், இப்போது பேரரசனும் அரசியுமாக எதிரெதிர் நின்றனர். பின்னர் பாபி (1973) என்னும் படத்தில் பாட்டியாகவும், பிதாயீ (1974) என்னும் படத்தில் தாயாகவும் நடித்தார். பிதாயீ அவருக்குப் பிலிம்பேர் விருதைப் பெற்றுத் தந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அவர்தம் கலைவாழ்வில் நடித்த படங்கள் ஏறத்தாழ 200 என்பர். அவற்றுட் சில அவர் தகுதிக்கு ஏற்றன அல்ல என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. குடும்பப் பொறுப்புடைய தொழிலாளி கிடைத்த வேலையைச் செய்வது இயற்கையே.

நடிப்போடு அவர் நின்றுவிடவில்லை. குறும்படங்களும் விளம்பரப் படங்களும் எடுக்கும் நிறுவனம் ஒன்றை நடத்தினார். கேலிச்சித்திரக்காரர் ஆர். கே. லட்சுமணின் பாத்திரங்களைக் கொண்டு 1988ஆம் ஆண்டில் தூர்தர்சனில் வெளிவந்து, எளிய குடும்பங்களின் அன்றாட வாழ்வை நகைச்சுவையுடன் காட்டிய வாக்ளே கீ துனியா என்னும் தொடர் அவர் நிறுவனத்தின் படைப்பே.

துன்பம் அவரை முற்றும் விட்டு நீங்கியதில்லை. எம்மக்களை வளர்ப்பதற்காக அவர் திரைக்கு வந்தாரோ அவருள் ஒருவராகிய ஹரின், தாய்க்கு முன்னரே மறைந்தார். ஹரினின் மனைவியாய் வந்த விஜயா, பிற்காலத்தில் விஜயா மேத்தா என்னும் பெயருடன் மராத்தி மேடையின் தலைசிறந்த இயக்குநருள் ஒருவராய் விளங்கினார். கோட்டே குடும்பத்துப் பெண்ணாகிய சுபா கோட்டேயும் புகழ்பெற்ற திரை நடிகையானார். ஒரு சிறு வேடத்திற்காக நாணித் தலைகுனிந்த குடும்பம், கலைக்குடும்பம் என்றே பெயர் பெற்றுவிட்டது.

இந்திய அரசு 1968ஆம் ஆண்டில் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது நல்கியது. 1983ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகேப் பால்கே விருதும் அவருக்கே வழங்கப்பெற்றது. தாராமதியாக நடிக்க ஒரு பெண்ணைத் தேடி அலைந்த அதே பால்கேயின் பெயரால் அமைந்த விருது அது. தம் வாழ்க்கை வரலாற்றை அம்மையார் மராத்தியில் நூலாக எழுதினார். அஃது ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டு 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதுமையில் கடலோர ஊராகிய அலிபாகில் அமைதியாக வாழ்ந்த அவர், 1991ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள், தம் எண்பத்தாறாம் வயதில் காலமானார். 2013ஆம் ஆண்டில் அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியிடப்பெற்றது.

இந்தியாவின் முதற் பேசும்படமாகிய ஆலம் ஆராவின் படச்சுருள் காலப்போக்கில் அழிந்துபோயிற்று, எங்கும் கிடைக்கவில்லை. அயோத்தியேச்சா ராஜா அழியாமல் எஞ்சியுள்ளது. தேய்ந்த ஒலியும் மங்கிய உருவுமாக ஓடும் அப்படத்தில், இருபத்தாறு ஆண்டுகளே நிரம்பிய ஒரு தாய் அரசியின் உடையில் நின்று தம் சொந்தக் குரலிலே பாடுகிறார்.